நைஜர் எங்கே கடலில் கலக்கிறது? ஒரு கேள்வியின் வரலாறு

ஆப்பிரிக்க ஆறுகளின் நீள வரிசையில் நைலுக்கும் காங்கோவுக்கும் அடுத்த இடம் நைஜருக்கு. அதன் நீளம் ஏறத்தாழ 4,180 கிலோமீட்டர். ஆனால் அது பிறக்கும் இடத்திலிருந்து அட்லாண்டிக் கடல் சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கினி நாட்டு உயர்நிலத்தில் ஊற்றெடுத்து, பக்கத்திலிருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடகிழக்கே சகாராவை நோக்கி நடக்கிறது இந்த ஆறு. மாலியில் திம்புக்டு நகருக்கு அருகே பாலையின் விளிம்பைத் தொட்டதும் கிழக்கே திரும்புகிறது. பிறகு தென்கிழக்காக வளைந்து நைஜர் நாட்டையும் பெனின் எல்லையையும் கடந்து நைஜீரியாவுக்குள் நுழைகிறது. லொகோஜாவில் பெனூவே ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து கினி வளைகுடாவில் கலக்கிறது.

இந்த ஆறு எத்திசையில் ஓடுகிறது, எங்கே முடிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு ஐரோப்பியப் புவியியல் விடை தேடிய காலம் ஏறத்தாழ 2,300 ஆண்டுகள். 1830இல் லாண்டர் சகோதரர்கள் அதைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். ஆற்றின் ஒவ்வொரு துண்டையும் அங்கே வாழ்ந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதன் முகத்துவாரங்களில் ஐரோப்பியக் கப்பல்களே மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நங்கூரமிட்டிருந்தன. பற்றாக்குறையாக இருந்தது அறிவன்று. யாருடைய சொல் சான்றாகும், யாருடைய சொல் வெறும் பேச்சாகும் என்ற பாகுபாட்டில்தான் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி இருந்தது.

முழுப் பழியையும் மனிதர்மேல் போடுவதும் நியாயமாகாது. ஆறே புதிரான ஆறு. இன்றைய மேல்நைஜரும் கீழ்நைஜரும் ஒரு காலத்தில் தனித்தனி ஆறுகள் என்பது புவியியலாளர் பலரின் கருத்து. மேல் ஆறு சகாராவின் உள்நாட்டுத் தாழ்நிலமொன்றில் சென்று தேங்கியிருந்தது. கீழ் ஆறு அருகிலிருந்த குன்றுகளில் பிறந்து தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. சகாரா வறண்டு வந்த நெடுங்காலப் போக்கில் இரண்டும் ஒன்றாயின. அந்தப் பழைய தேக்கத்தின் எச்சம்போல மாலியில் இன்றும் ஓர் உள்நாட்டு வடிநிலம் இருக்கிறது. கடலுக்கு வெகு தொலைவில், பாலைவன ஓரத்தில், ஆறு கிளை கிளையாகப் பிரிந்து ஏரிகளாகவும் சதுப்புகளாகவும் பரவி, பின்பு மீண்டும் ஒன்றுகூடுகிறது. வரும் நீரில் ஏறத்தாழப் பாதி வரை இங்கேயே ஆவியாகிவிடும். ஆப்பிரிக்காவின் சொந்த நெல்லினம் பயிராக்கப்பட்ட இடங்களுள் முதன்மையானதாக ஆய்வாளர்கள் கருதுவதும் இப்பகுதியைத்தான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவிலேயே மக்கள் குடியேறி, பின்பு நகரமாக வளர்ந்த ஜென்னே-ஜெனோ இங்கேதான் இருக்கிறது. 1977 முதல் அங்கு நடந்த அகழாய்வுகள், அரேபிய வணிகம் வருமுன்னரே மேற்கு ஆப்பிரிக்காவில் நகர வாழ்வு இருந்ததை நிறுவின. அரண்மனை, அரசன் கல்லறை என்று எதுவும் தென்படாத நகரம் அது. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

உள்நாட்டு வடிநிலத்தால் வெள்ளத்தின் காலமும் குழம்பிப்போகிறது. கினி மலைகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைநீர் இந்தச் சதுப்பில் தேங்கி, ஊர்ந்து, திம்புக்டுவை ஆண்டிறுதியில்தான் நிரப்புகிறது. நைஜீரியாவின் வடக்கெல்லையை அது அடையும்போது அங்கே கடுங்கோடை. ஒரு துளி மழை இராது, ஆனால் ஆறு பெருகி வரும். நைஜீரியாவில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. உள்ளூர் மழையால் செப்டம்பர் வாக்கில் வண்டலோடு கலங்கி வருவது 'வெள்ளை வெள்ளம்'. வண்டலை வடிநிலத்தில் இறக்கிவிட்டுத் தெளிந்து, மாதங்கள் கழித்து வருவது 'கருவெள்ளம்'. ஓர் ஊரில் நின்றுகொண்டு ஆற்றைப் பார்ப்பவருக்கு அடுத்த ஊரின் ஆறு இதுதான் என்று தோன்றாமல் போனால் வியப்பில்லை.

பெயர்களும் அப்படியே. மேல்பகுதியில் மண்டே மொழி பேசுவோர் அதை ஜொலிபா என்கின்றனர். 'பா' அம்மொழிகளில் ஆற்றைக் குறிக்கும் பெயர்ச்சொல். அதே ஒலி பின்னொட்டாக வந்தால் 'பெரிய' என்று பொருள்படும். எனவே இப்பெயரை எப்படிப் பிரிப்பது என்பதில் வழக்கு உண்டு. வளைவில் வாழும் சொங்காய் மக்களுக்கு அது ஈசா பேர்: 'ஈசா' ஆறு, 'பேர்' பெரியது. துவாரெக் மக்கள் 'ஆறுகளின் ஆறு' என்று பொருள்படும் தொடரால் அழைக்கின்றனர். ஹௌசா மொழியில் க்வாரா. யொரூபா மக்களுக்கு ஓயா. அது ஆற்றின் பெயர் மட்டுமன்று, புயலையும் ஆளும் பெண் தெய்வத்தின் பெயர். கீழே இக்போ நாட்டில் ஒரிமிரி, பெருநீர். பெரியாறு என்று பெயர் வைத்துப் பழகிய நமக்கு இந்தப் பெயரிடும் முறை புதிதன்று. எந்த ஊரிலும் தன் ஊர் ஆறுதான் 'ஆறு'. அதைப் பிற ஆறுகளிலிருந்து பிரித்துக்காட்டத் தேவையான ஒரே அடைமொழி 'பெரிய'.

இத்தனை பெயர்களிலும் 'நைஜர்' இல்லை என்பதைக் கவனியுங்கள். பிளினி 'நிக்ரிஸ்' என்றும் தாலமி 'நிகெய்ர்' என்றும் எழுதிய ஆறுகள் பெரும்பாலும் சகாராவுக்கு வடக்கே, அட்லஸ் மலையை ஒட்டிய ஓடைகளாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஓடும் நீரைக் குறிக்கும் பெர்பர் வேர்ச்சொல் ஒன்று அப்பெயர்களுக்குள் இருக்கக்கூடும். பின்னாளில் இலத்தீன் அறிந்தோர் அதில் 'கருமை' என்னும் சொல்லைக் கேட்டனர். 'கறுப்பர் நாட்டின் ஆறு' என்ற கருத்து ஏற்கெனவே நிலவியிருந்தது. ஒலி ஒத்துப்போகவே சொற்பிறப்பு முடிவாகிவிட்டது. மக்கள் வழங்கும் போலிச் சொற்பிறப்புகளைப் பார்த்து நாம் சிரிப்பதுண்டு. அறிஞர் வழங்கிய போலிச் சொற்பிறப்பு ஒரு கண்டத்தின் வரைபடத்தில் நிலைத்துவிட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வடக்கே இருந்த ஒரு பெயர் பாலைவனத்தைத் தாண்டி, தனக்குத் தொடர்பில்லாத ஓர் ஆற்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

திசையைப் பற்றிய குழப்பம் இதைவிடச் சுவையானது. பாலையைக் கடந்த நசமோன் இனத்து இளைஞர் ஐவர், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும், முதலைகள் வாழும் ஆறொன்றைக் கண்டதாக ஹெரோடோட்டஸ் பதிவு செய்கிறார். அது நைலாகவே இருக்கவேண்டும் என்று கருதுகிறார். 1154இல் சிசிலி அரசன் இரண்டாம் ரோஜருக்காக நூலெழுதிய அல்-இத்ரீசி, 'கறுப்பர்களின் நைல்' மேற்கே ஓடி அட்லாண்டிக்கில் கலப்பதாகச் சொன்னார். 1352இல் மாலிக்குச் சென்ற இப்னு பத்தூத்தா ஆற்றை நேரிலேயே கண்டவர். திம்புக்டுவிலிருந்து காவ் நகருக்கு ஒற்றை மரத்தில் குடைந்த படகில் ஆற்றோட்டத்தோடு பயணம் செய்தவர். எனவே அவர் திசையில் தவறவில்லை. திம்புக்டு, காவ், பிறகு நூபே நாடு என்று இன்று பொதுவாக அடையாளம் காணப்படும் 'யூஃபி' வரை அவர் தரும் வரிசை சரியானது. அதற்கப்பால் கேள்விப்பட்டவற்றைக் கொண்டு ஆற்றை நூபியாவுக்குத் திருப்பி எகிப்தின் நைலோடு சேர்த்துவிடுகிறார்.

இதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1550இல் வெனிசில் அச்சான நூலில் லியோ ஆஃப்ரிகானஸ் என அறியப்பட்ட அல்-ஹசன் அல்-வஸ்ஸான், ஆறு மேற்கே ஓடுவதாக எழுதினார். திம்புக்டுவைக் கண்டவர் என்று ஏற்கப்படும் ஒருவர் ஓட்டத்தின் திசையை எப்படி மாற்றி எழுதினார் என்பது இன்றுவரை ஆராய்ச்சியாளர்களைக் குழப்பும் செய்தி. ஐரோப்பா இப்னு பத்தூத்தாவை அறியவில்லை, லியோவை அறிந்திருந்தது. ஆகவே அடுத்த இரண்டரை நூற்றாண்டுகளுக்கு ஐரோப்பிய வரைபடங்களில் பெரும்பாலானவற்றில் நைஜர் மேற்கே ஓடி, செனகல் அல்லது காம்பியா ஆறாகக் கடலில் விழுந்தது.

1788இல் இலண்டனில் ஆப்பிரிக்கச் சங்கம் தொடங்கப்பட்டது. அது அனுப்பிய பயணிகளுள் ஒருவரான ஸ்காட்லாந்து மருத்துவர் முங்கோ பார்க் 1796 ஜூலையில் செகு நகரில் ஆற்றங்கரையை அடைந்தார். ஆறு கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. பார்க் தரும் ஒரு குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆற்றைப் பார்ப்பதற்காகவே இத்தனை இடர்களைத் தாண்டி வந்ததாக அவர் சொன்னபோது, அரசன் அனுப்பிய வழிகாட்டி, உங்கள் நாட்டில் ஆறுகளே இல்லையா, ஓர் ஆறு இன்னோர் ஆற்றைப் போன்றதுதானே என்று கேட்டிருக்கிறார். பார்க் இதை ஓர் அப்பாவிக் கேள்வியாகப் பதிவு செய்கிறார். அரசன் மன்சோங் அவரைச் சந்திக்க மறுத்து, 5,000 சோழிகளைக் கொடுத்து அனுப்பிவைத்ததையும் சேர்த்துப் படித்தால், வழிகாட்டியின் கேள்வியில் அப்பாவித்தனத்தைவிடச் சந்தேகமே மிகுதி என்று நான் நினைக்கிறேன். ஆறு எங்கே முடிகிறது என்று பார்க் கேட்டதற்கு, உலகத்தின் முடிவு வரை போகிறது என்ற விடையும் அவருக்குக் கிடைத்தது.

பார்க்கின் குறிப்புகளைக் கொண்டு வரைபடம் அமைத்தவர் இந்திய வரலாறு படிப்போருக்கு நன்கு தெரிந்தவர்: வங்காளத்தின் முதல் தலைமை நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னல். கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் படகில் சென்று, கோணமும் தொலைவும் அளந்து வங்காள வரைபடத் தொகுப்பை உருவாக்கிய அதே கைகள், ஆப்பிரிக்காவின் உட்பகுதியை இலண்டன் அறையொன்றிலிருந்து வரைந்தன. அளக்க முடியாத இடத்தில் ரென்னல் ஊகித்தார். ஆறு தெற்கே திரும்பமுடியாதபடி மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே 'கொங் மலைத்தொடர்' என்றொரு நெடுஞ்சுவரை எழுப்பினார். கிழக்கே 'வங்காரா' என்னும் உள்நாட்டுச் சதுப்பில் ஆறு தேங்கி ஆவியாவதாகக் காட்டினார். அம்மலைத்தொடர் உண்மையில் இல்லை. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அது ஐரோப்பிய வரைபடங்களில் நின்றது. 1880களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி பென்ழே அங்கே நடந்து சென்று, மலையைக் காணவில்லை என்று அறிவிக்கும்வரை. ஆவணத்தில் ஏறிய ஓர் ஊகத்துக்கு, ஆவணத்தில் ஏறாத நேரறிவைவிட ஆயுள் அதிகம்.

ரென்னலின் வரைபடத்துக்குப் பின் மூன்று கட்சிகள் இருந்தன: உள்நாட்டுச் சதுப்பில் முடிகிறது என்போர், நைலில் சேர்கிறது என்போர், காங்கோவாக மாறுகிறது என்போர். பார்க் மூன்றாம் கட்சிக்கு மாறி, 1805இல் இரண்டாம் பயணத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு புஸ்ஸாவின் பாறை விரைவோட்டத்தில் இறந்தார். ரைகார்ட் என்னும் ஜெர்மானியப் புவியியலாளர், ஆறு கினி வளைகுடாவில்தான் கலக்கவேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதிட்டார். அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1822இல் கோர்டன் லைங், ஆற்றின் ஊற்றுப்பகுதி நைலைச் சென்று சேரும் அளவுக்கு உயரத்தில் இல்லை என்று கணக்கிட்டுக் காட்டினார்.

இந்த விவாதத்தில் மறக்கப்படக்கூடாத ஒருவர் ஜேம்ஸ் மக்வீன். ஆப்பிரிக்காவில் கால் வைக்காதவர். 1790களின் இறுதியில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவில் கரும்புத் தோட்டத்தை மேற்பார்வையிட்டவர். பார்க்கின் நூலைப் படித்துவிட்டு, தன் தோட்டத்தில் அடிமைகளாக வேலை செய்த மண்டிங்கா மக்களிடம் அவர் ஆற்றைப் பற்றி விசாரித்தார். அவர்கள் பிறந்து வளர்ந்த ஆறு அது. அவர்கள் சொன்னவற்றையும் அரேபிய நூல்களையும் வணிகர் குறிப்புகளையும் ஒப்பிட்டு, நைஜர் பெனின் வளைகுடாப் பகுதியில் கடலை அடைகிறது என்று 1816இல் வெளியிட்ட சிறுநூலிலும் 1821இல் வந்த பெருநூலிலும் வாதிட்டார். வாதம் சரியானது.

இதை 'அடிமைகளின் குரலைக் கேட்ட மனிதர்' என்ற கதையாக எழுதிவிட்டால் எளிதாக இருக்கும். ஆனால் மக்வீன் பின்னர் கிளாஸ்கோவில் இதழாசிரியராகி, அடிமை உடைமையாளர்களுக்காகப் பல ஆண்டுகள் எழுதியவர். நைஜரின் வாயைப் பிரித்தானியா கைப்பற்றி உள்நாட்டு வணிகத்தை ஆளவேண்டும் என்பதே அவருடைய புவியியலின் நோக்கம். சாட்டை இருந்த இடத்தில் கேட்கப்பட்ட கேள்விகள் அவை. விடை சொன்னவர்களுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்று நமக்கு ஐயம் எழவேண்டும். ஒரு தோட்டக்காரர் எழுதியபோதுதான் அவர்களுடைய அறிவு 'வாதம்' ஆயிற்று. அப்போதும் இலண்டன் அதை ஏற்கவில்லை. களப்பணி செய்யும் மொழியியல் மாணவர்கள் மக்வீனைக் கட்டாயம் படிக்கவேண்டும் என்பேன். தகவலாளர் சொன்னது சரியாக இருந்ததா என்பதற்கு முன்னால், அவர் எந்த நிலையில் நின்று சொன்னார் என்று கேட்கப் பழக இதைவிடக் கசப்பான பாடம் கிடைக்காது.

உள்ளூர் அறிவும் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. 1824இல் சொக்கொட்டோ சுல்தான் முகம்மது பெல்லோ, ஹியூ கிளாப்பர்ட்டனுக்கு மணலில் க்வாரா ஆற்றை வரைந்து காட்டி, அது ஃபுண்டா என்னும் இடத்தில் கடலைச் சேர்கிறது என்றார். ஆனால் கிளாப்பர்ட்டன் கையில் கொண்டு வந்து பின்பு அச்சான வரைபடத்தில், இந்த ஆறே எகிப்துக்குச் சென்று நைல் எனப்படுகிறது என்ற குறிப்பு இருந்தது. பெல்லோ நூல் பல எழுதிய அறிஞர். அரபுப் புவியியல் மரபைக் கற்றவர். வாயால் சொன்னது வணிகர்களின் அறிவு என்றும், தாளில் ஏறியது நூல் மரபின் அறிவு என்றும் கொள்ளலாம். ஆங்கிலேயர் ஆற்றுவழியே தம் நாட்டுக்குள் வந்துவிடக்கூடாது என்ற அரசியல் எச்சரிக்கையாக அதைப் பார்ப்போரும் உண்டு. இரண்டுக்கும் இடமிருக்கிறது.

இதற்கிடையே ஆற்றின் வாயில் என்ன நடந்துகொண்டிருந்தது? பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் போர்த்துக்கீசியரும், பிறகு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்த அலையாத்திக் காட்டுக் கழிகளில் வணிகம் செய்தனர். பொன்னி, பிராஸ் போன்ற துறைகளிலிருந்து பெருந்தொகையான அடிமைகள் ஏற்றப்பட்டனர். அக்கழிகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆறு என்றே கப்பல் தலைவர்கள் எண்ணினர். உள்நாட்டிலிருந்து வந்த படகோட்டிகளைக் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். அவர்கள் சரக்கைப் பற்றித்தான் கேட்டார்கள்.

1830இல் ரிச்சர்ட் லாண்டரும் அவருடைய தம்பி ஜானும் புஸ்ஸாவிலிருந்து படகில் கீழே இறங்கினர். நவம்பரில் இக்போ நாட்டில் சிறைப்பட்டு, அபோ நகரத்து அரசர் ஓபியிடம் கொண்டுசெல்லப்பட்டனர். பிராஸ் துறையின் வணிகத் தலைவர், ஆங்கிலேயர் 'பாய் அரசர்' என்று அழைத்தவர், மீட்புத்தொகைக்குப் பொறுப்பேற்று அவர்களைத் தம் படகில் நுன் கிளைவழியே கடலுக்குக் கொண்டுவந்தார். அங்கு நின்றிருந்த ஆங்கிலக் கப்பலின் தலைவர் அத்தொகையைக் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த ஆண்டு பிறந்த அரச புவியியல் கழகம் தன் முதல் பரிசை ரிச்சர்ட் லாண்டருக்கு வழங்கியது. அவரைக் கடலுக்கு அழைத்து வந்தவருக்கோ அது நாள்தோறும் வணிகத்துக்காகச் சென்றுவந்த வழி.

வழி தெரிந்ததும் கப்பல்கள் வந்தன. 1841இல் மூன்று நீராவிக் கப்பல்களோடு சென்ற அரசுப் பயணம் மலேரியாவால் சிதைந்தது. 1854இல் கொயினா மருந்தைக் கட்டாயமாக்கிச் சென்ற பயணத்தில் ஒருவரும் நோயால் இறக்கவில்லை. 1841 பயணத்தில் இருந்தவர்களுள் ஒருவர் சாமுவேல் அஜாயி கிரவுத்தர்: சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, கடற்படையால் விடுவிக்கப்பட்டு, யொரூபா மொழிக்குச் சொற்தொகுதியும் இலக்கணமும் எழுதி, 1864இல் ஆங்கிலிக்கன் ஆயரானவர். கிரவுத்தரைப் போலவே விடுவிக்கப்பட்ட பல்லாயிரம் பேர் ஃப்ரீடவுன் நகரில் வாழ்ந்தனர். ஜெர்மானியரான கோலே அவர்களிடம் அமர்ந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்களைத் திரட்டி 1854இல் வெளியிட்டார். தகவல் தந்தோரின் பெயரையும் ஊரையும், பலர் எவ்வாறு அடிமையாக்கப்பட்டனர் என்பதையும் அவர் எழுதிவைத்தார். மக்வீனின் நூலில் பெயரில்லாமல் நிற்பவர்களுக்குப் பக்கத்தில் இந்தப் பட்டியலை வைத்துப் பார்க்கவேண்டும். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் ஒப்பாய்வு இன்றும் கோலேயைப் புரட்டுகிறது.

அந்த ஒப்பாய்வின் தொடர்ச்சியாக இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜோசப் கிரீன்பெர்க், ஏறத்தாழ 1,500 மொழிகள் அடங்கும் பெருங்குடும்பத்துக்கு 'நைஜர்-காங்கோ' என்று பெயரிட்டார். மண்டே, யொரூபா, இக்போ எல்லாம் அதில் வைக்கப்படுகின்றன. மண்டேயின் இடம்பற்றி மட்டும் வழக்கு தீரவில்லை. ஆற்றின் பெருவளைவில் பேசப்படும் சொங்காய் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. துவாரெக், ஹௌசா இரண்டும் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தவை. எனவே மொழிக்குடும்பத்தின் பெயர் ஆற்றின் கரைகளோடு முற்றிலும் பொருந்துவதில்லை. காங்கோ கட்சியார் ஓராறு என்று எண்ணிய இரண்டு ஆறுகளும் இப்படி ஒரு சிறுகோட்டால் இணைந்துவிட்டன.

அரசியல் வரைபடத்தில் அப்பெயர் இன்னும் வேகமாகப் பரவியது. 1886இல் அரச நைஜர் கம்பெனி பட்டயம் பெற்றது. 1897 ஜனவரியில் பத்திரிகையாளர் ஃப்ளோரா ஷா, இலண்டன் டைம்ஸ் இதழில் 'நைஜீரியா' என்ற பெயரை முன்மொழிந்தார். பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதி ஒன்றும் நைஜர் என்றே பெயர் பெற்று, பின்னர் அப்பெயரோடு விடுதலை அடைந்தது.

பார்க் இறந்த புஸ்ஸா விரைவோட்டம் இன்று கண்ணுக்குத் தெரியாது. 1968இல் முடிக்கப்பட்ட கைஞ்ஜி அணையின் நீர்த்தேக்கம் அதையும் பழைய ஊரையும் மூடிவிட்டது. மக்கள் புதிய புஸ்ஸாவில் குடியமர்த்தப்பட்டனர். பல ஆண்டுகள் அந்த ஊர் க்வாரா மாநிலத்தில் இருந்தது. 1991இல் எல்லைகள் மாற்றப்பட்டபோது அது நைஜர் மாநிலத்துக்குச் சென்றது.